கப்பல் நின்ற பகலில் ஆயக்குடி

சிங்கப்பூரிலிருந்து நானும் அக்காவும் வந்த உல்லாசக் கப்பல் கொச்சியில் ஓர் இரவு தங்கி மறுநாள்தான் புறப்படும். அதனால்தான் இந்தப் பயணம் கைகூடியது. மற்றவர்கள் சீன வலைகளையும் மட்டாஞ்சேரியையும் பார்க்கப் போனார்கள். நாங்கள் விடியுமுன் வாடகைக் காரில் ஏறி திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலை என்று பழனியை நோக்கிப் போனோம்.

எங்கள் தாத்தா இதற்கு நேர் எதிர்த்திசையில் போனவர். கங்காணி ஒருவர் பேச்சைக் கேட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் படுத்துக் கடல் கடந்து பினாங்கில் இறங்கினார். கெடாவின் பால்மரக்காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றே அவர் ஆயுள் கழிந்தது. தோட்டங்களுக்குக் கூலி ஆட்கள் போவதை இந்திய அரசு 1938இல் தடை செய்வதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் போயிருக்க வேண்டும். ஊரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது "பழனிப் பக்கம் ஆயக்குடி" என்பது மட்டுமே.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளைத் தாண்டி, உடுமலைக்கு அப்பால் நிலம் வெளுக்கத் தொடங்குகிறது. பழனி மலையைக் கண்டதும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தை மாதம் என்பதால் திண்டுக்கல் சாலை நெடுகப் பாதயாத்திரைக் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, தோளில் காவடியோடு நடந்தார்கள். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக்குத் தாத்தா அப்படித்தான் நடப்பார். கொதிக்கும் தார்ச்சாலையிலும் செருப்புப் போட மாட்டார். இந்த மலையைத் தினமும் பார்த்து வளர்ந்த பையன் அங்கே வேறெப்படி நடப்பார்?

ஆயக்குடியில் சாலையோரமெல்லாம் கொய்யாக் கூடைகள். தெற்கே கொடைக்கானல் மலை சுவராக நிற்க, அதன் அடிவாரத் தோட்டங்களில் பறித்த காய்கள் இலையோடு குவிந்திருந்தன. ஓர் அம்மா பழத்தை நாலாக வகிர்ந்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி நீட்டினார். வெள்ளைச் சதை, மெல்லிய துவர்ப்பு, அதன்பின் இனிப்பு.

கொய்யா இந்த மண்ணில் பிறந்ததில்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ரப்பரும் அப்படியே. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. எங்கோ பிறந்த ஒரு மரம் தாத்தாவை ஊரைவிட்டு இழுத்துப் போயிருக்கிறது. இன்னொன்று, அவர் விட்டுப்போன ஊருக்குச் சோறு போடுகிறது. கூடைகளின் நடுவில் நின்றபோது இது என்னை வெகுவாக உலுக்கியது.

"எந்த ஊருங்க?" என்றார் அந்த அம்மா.

"மலேசியாங்க. தாத்தாவுக்கு இந்த ஊர்தான்."

"பழைய ஆயக்குடியா, புது ஆயக்குடியா?"

தெரியவில்லை.

"செரி, உங்க குலசாமி எது கண்ணு?"

அக்கா என்னைப் பார்த்தாள். முருகன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது அதையல்ல.

அந்த அம்மா விடவில்லை. எதிர் டீக்கடையிலிருந்த பெரியவரைக் கூப்பிட்டார். தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், தோட்டம் இருந்ததா, வானம் பார்த்த காடா என்று பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர்களைத் தவிர எதற்கும் எங்களிடம் விடை இல்லை. "அந்தக் காலத்துல மழை பொய்ச்சா கெணறு வத்திப்போகும். மலேயாவுக்குப் போனவங்க நெறையப் பேருங்க. குலசாமி பேரு தெரிஞ்சா கோயில்ல வெச்சு வகையறாவைப் புடிச்சிரலாம்" என்றார். ஊர்க்காரர்களுக்கு அதுதான் முகவரி. மாசி சிவராத்திரிக்கு வகையறா மொத்தமும் அந்தக் கோயிலுக்கு வந்து கூடும்.

சொந்தம் என்று யாரையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் போனது வீண் என்று சொல்ல மாட்டேன். மண்ணைப் பார்க்க ஒரு பகல் போதும். மனிதர்களைத் தேட ஒரு பகல் போதாது. சாயங்காலத்துக்கு முன்பே திரும்ப வேண்டியிருந்தது. அந்த அம்மா காசு வாங்க மறுத்து ஒரு பை நிறையக் கொய்யாவை அக்கா மடியில் வைத்தார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் தெரு, குலசாமி, கூட வந்த குடும்பங்களின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள். கப்பல் டிக்கெட் அப்புறம் எடுக்கலாம்.