புகையும் பொறுமையும்

குண்டலுபேட்டையில் ரயில் நிலையம் கிடையாது. ஆனால் மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டி மலை ரயிலைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அகல ரயில் பாதையில் நீராவி என்ஜின்களின் காலம் 1995 டிசம்பரில் முடிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையிலோ 12.5 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் அது இன்னமும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதைக்காக, நிலக்கரியில் ஓடும் புது என்ஜின் ஒன்றைப் பொன்மலை பணிமனை 2021ல்கூட செய்து கொடுத்தது.

அந்த மூச்சை வீட்டு மொட்டை மாடியில் கேட்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் மாதிரி என்ஜின்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது நிஜமான கொதிகலன், நிஜமான நீராவி. பொம்மைதானே என்று கை வைத்தால் விரல் பொத்துப்போகும்.

என்ஜினைச் சுருக்கலாம், இயற்பியலைச் சுருக்க முடியாது. எல்லா அளவையும் பாதியாக்கினால் கொதிகலனில் தண்ணீர் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் வெப்பம் வெளியேறும் மேல்பரப்பு நாலில் ஒரு பங்குதான் ஆகும். அதனால் சின்ன என்ஜின் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பெரிய என்ஜின் பொறுத்துக்கொள்ளும் தவறுகளை இது பொறுக்காது.

கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கெட்டியான நீராவி எண்ணெய், பிறகு உப்பில்லாத தண்ணீர், கடைசியில் காஸ். தண்ணீர் தீர்வதற்கு முன்னால் காஸ் தீர வேண்டும். வெறும் கொதிகலன் காய்ந்தால் ஆபத்து. பர்னர் ஊளையிட்டால் காஸைக் குறைக்க வேண்டும். அழுத்தம் ஏறியதும் அவசரப்பட்டு நீராவியைத் திறந்துவிடக் கூடாது. குளிர்ந்த சிலிண்டருக்குள் போகும் நீராவி தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் அப்படியே நின்றுவிடும். கையால் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால், புகைபோக்கி வழியாக அது தண்ணீரைத் துப்பிவிட்டுத் தானாகக் கிளம்பும்.

அடுத்தது காதுக்கு வேலை. இரண்டு சிலிண்டர் என்ஜினின் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நாலு 'சுக்' கேட்க வேண்டும், நாலும் ஒரே சீராக. ஒன்று நொண்டினால், நீராவியை உள்ளே விடும் வால்வு இடம் தவறியிருக்கிறது என்று அர்த்தம். என்ஜினைக் கட்டையில் தூக்கி வைத்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, வால்வைத் தண்டில் அரைச் சுற்று நகர்த்தி மறுபடி கேட்க வேண்டும். இன்னும் நொண்டுகிறதா? இன்னும் அரைச் சுற்று. ஒரு மாலைப் பொழுது முழுக்க இதிலேயே போய்விடும்.

நீராவி என்ஜினை ஓட்டிய டிரைவர்கள் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் அவர்களுடைய வித்தையைப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட முடியாது. கையும் காதும் பழகினால்தான் அது தங்கும். மலை ரயிலில் அந்தப் பழக்கத்துக்கு இடம் கிடைப்பவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு இந்தக் குட்டி என்ஜின்தான் பள்ளிக்கூடம். நாலு 'சுக்'கும் சீராக விழும் அந்த நிமிடத்தில் பாடம் பிடிபட்டுவிடுகிறது.