மழை நோட்டும் ஒரு ஓசி மென்பொருளும்

மொதல்லயே சொல்லிடறேன், இது எந்த மென்பொருள் படிச்சா வேலை கிடைக்கும்னு அட்வைஸ் பண்ற பதிவு இல்லை. எனக்கே இன்னும் குழப்பம் தீரலை :-)

எங்க வீடு வால்பாறையில ஒரு எஸ்டேட் லைன் வீடு. படிக்கிறது கோயம்புத்தூர்ல, இ.இ.இ. கடைசி வருஷம். காலேஜ்ல மேட்லேப் உண்டு, ஆனா லேப் மெஷின்ல மட்டும். சாயங்காலம் நாலரைக்குப் பூட்டிடுவாங்க. லீவுல பொள்ளாச்சியில பஸ் பிடிச்சு, ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தா கையில லேப்டாப் இருக்கும், மேட்லேப் இருக்காது. ஹாஸ்டல்ல பென் டிரைவ்ல ஒரு கிராக் வெர்ஷன் சுத்திட்டே இருக்கும். (நான் போடலைன்னு சொன்னா நம்பவா போறீங்க?) போட்டேன். வைரஸ் வந்து ரெக்கார்டு, செமினார் ஃபைல் எல்லாத்தையும் முழுங்கிட்டுப் போயிடுச்சு.

அப்புறம்தான் ஒரு சீனியர் அண்ணன் ஆக்டேவ் பத்திச் சொன்னார். பேரைக் கேட்டதும் சங்கீத சமாச்சாரம்னு நினைச்சேன். இல்லையாம். ஆக்டேவ் லெவன்ஸ்பீல்னு ஒரு கெமிக்கல் இன்ஜினியரிங் வாத்தியார் பேராம் அது. அவர்கிட்ட படிச்ச ஜான் ஈட்டன் 1992-ல முழுமூச்சா எழுத ஆரம்பிச்சது. மேட்லேப்ல எழுதின சாதாரண புரோகிராம் பெரும்பாலும் அப்படியே இதுல ஓடுது. காசு கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, மேட்லேப்பே ஸ்டூடண்ட்சுக்காகப் பிறந்ததுதான். 1970-கள் கடைசியில நியூ மெக்சிகோ யுனிவர்சிட்டியில கிளீவ் மோலர்ங்கற கணக்கு வாத்தியார், பசங்க ஃபோர்ட்ரான் எழுதித் தவிக்காம மேட்ரிக்ஸ் கணக்குப் போடட்டும்னு செஞ்சு கொடுத்தது. கம்பெனி ஆனது 1984-ல. பசங்களுக்காகச் செஞ்சது, இப்ப நாலரைக்குப் பூட்டற ரூமுக்குள்ள உக்காந்திருக்கு!

சரி, மேட்டருக்கு வருவோம். ஆக்டேவ் இறக்கியாச்சு. என்ன கணக்குப் போடறது? புக்ல இருக்கிறதையே திருப்பித் திருப்பிப் போட போரடிச்சுது. எங்க ஊர்ல எது பஞ்சமில்லாமக் கிடைக்கும்? மழை. எஸ்டேட் ஆபீஸ்ல தினமும் காலையில மழைமானியைப் பார்த்து நோட்டுல எழுதி வைப்பாங்க. ஆபீஸ்ல இருக்கிற அண்ணன்கிட்ட அம்மா சொல்லி, பத்து வருஷ நோட்டைப் போட்டோ எடுத்துக்கிட்டு வந்தேன். மூவாயிரத்து அறுநூத்துச் சொச்சம் வரி. டைப் அடிக்கவே ரெண்டு வாரம். "பரீட்சைக்குப் படிக்கிறான்"னு நினைச்சு அம்மா ராத்திரி கட்டஞ்சாயா வேற போட்டுக் கொடுத்தாங்க, பாவம்.

ஒன்பது வரி புரோகிராம். ஓட்டினா, முதல் மூணு வருஷம் மழையே இல்லாத மாதிரி கோடு தரையோட படுத்திருக்கு. நாலாவது வருஷத்துல இருந்து சும்மா எகிறுது. அடடா, பருவநிலை மாற்றத்தைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டோம்னு எனக்குத் தலைகால் புரியலை. நண்பனுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பீலா விட்டேன். மறுநாள் ஆபீஸ் அண்ணன்கிட்ட காட்டினா, ஒரு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, "தம்பி, பழைய நோட்டெல்லாம் இன்ச்சுல இருக்கும், பெறகுதான் மில்லிமீட்டர்"னார்.

அவ்வளவுதான். 25.4 ஆல பெருக்கினதும் புரட்சி அடங்கிப் போச்சு. ஜூன், ஜூலைக்கு ஒரு மலை, அக்டோபர், நவம்பருக்கு ஒரு குட்டி மேடு. ஊர்ல எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

ஆனா கேம்பஸ் இன்டர்வியூவுல என்னைக் காப்பாத்தினது இந்த அசிங்கம்தான். "ப்ராஜெக்ட்ல நீ என்னப்பா செஞ்சே?"ன்னு கேட்டவர்கிட்ட இன்ச் கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டார். அப்புறம் பத்து நிமிஷம் அதையேதான் பேசினோம். மேட்லேப்பா, ஆக்டேவா, பைத்தானான்னு அவர் கேக்கவே இல்லை.

கிடைச்சது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. வருஷத்துக்கு மூணரை லட்சம். நான் படிச்ச கரண்டுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இருக்காதுன்னு சீனியர்ஸ் சொல்லிட்டாங்க.

இன்னொரு பக்கம் மனசு வேற எங்கேயோ ஓடுது. எங்க ஊருலயே பாருங்க. நீராறு அணைப் பக்கம் உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. யானை வர்ற இடத்தை எஸ்.எம்.எஸ்.ல சொல்றது, போன் பண்ணினா எரியற சிவப்பு விளக்கு வைக்கிறதுன்னு என்.சி.எஃப். ஆளுங்க செஞ்ச வேலைக்கு 2015-ல ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைச்சுது. கீழ கோவையில வேளாண் பல்கலைக்கழகத்துல பருவமழையைக் கணிச்சுச் சொல்றாங்க. பம்ப் கம்பெனிகள் இருக்கு. இங்கெல்லாம் நம்ம ஒன்பது வரி மாதிரி (சரி, ஒன்பதாயிரம் வரி) எழுதற ஆளுக்கு வேலை இருக்கத்தான் செய்யுது. ஆனா போர்டு போட்டு வரிசையில நிக்க வச்சு எடுக்க மாட்டாங்க. அதுவும் நிறைய இடத்துல ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது.

கேட் எழுதிப் பாஸ் பண்ணி ஜே.ஆர்.எஃப். ஆனா, 2023-ல ஏத்தின கணக்குப்படி மாசம் 37,000. கூட்டிக் கழிச்சா சாஃப்ட்வேர் கம்பெனியை விட ஜாஸ்தி! ஆனா கேட் பாஸ் ஆகணும், இடம் கிடைக்கணும், அதுக்கு ஒரு வருஷம் வீட்ல உக்காந்து படிக்கணும்.

வீடுன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் சிக்கல். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கிறாங்க, இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர். அதோட லைன் வீட்டைக் காலி பண்ணணும். முப்பது வருஷம் இருந்தாலும் அது எங்க வீடு இல்லை. பொள்ளாச்சியிலயோ கோவையிலயோ வாடகைக்குப் போகணும், அட்வான்ஸ் கொடுக்கணும்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப ஆஃபர் லெட்டரைக் காட்டி, மழைக் கணக்கு, கேட், ஜே.ஆர்.எஃப். எல்லாத்தையும் ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னேன். அம்மா பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"கண்ணு, இந்த ரெண்டுல எதுல குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க?"

ஜே.ஆர்.எஃப்.ல ஹாஸ்டல் ரூமோ, இல்லைன்னா வாடகைப்படியோ தருவாங்கன்னேன். "அதுல நானும் இருக்கலாமா?"ன்னாங்க.

கேட் அப்ளிகேஷன் பாதி நிரப்பி வச்சிருக்கேன்.