எந்த டிரைவில் வைப்பது?

1998-ல் 'ஹாஃப்-லைஃப்' ஒரே சி.டி.யில் வந்தது. 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' 150 ஜி.பி. இடம் கேட்கிறது, அதுவும் எஸ்.எஸ்.டி.யில். இப்படி நாலு கேம் சேர்ந்தால் சி டிரைவ் மூச்சுத் திணறும்.

வால்வ் கம்பெனி 2003-ல் கொண்டுவந்த ஸ்டீமில் இதற்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' போய் டி டிரைவிலும் ஒரு லைப்ரரி திறக்கலாம். தினம் ஆடுவதை வேகமான எஸ்.எஸ்.டி.யில் வைத்துக்கொண்டு, அலுத்ததைப் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பலாம். ஸ்டீம் மூலமாகவே நகர்த்துங்கள். நாமே ஃபோல்டரை இழுத்துப்போட்டால் அதற்குத் தெரியாது.

இன்னொன்று. பல கேம்களில், ஆடியவரைக்குமான 'சேவ்' மட்டும் சி டிரைவில் தனியாக உட்கார்ந்திருக்கும். க்ளவுடில் ஏற்றாமல் சி-யை ஃபார்மட் பண்ணினால் கேம் பிழைக்கும். ஜெயித்த ராஜ்யங்கள் அம்பேல்.

பேரனுக்கு இதையெல்லாம் செய்து கொடுத்தபோது, "அத்தனையும் என்னுதுதானே தாத்தா?" என்றான். டிரைவ் அவனுடையதுதான். கேம்? வாங்குவது லைசென்ஸ் மட்டுமே என்று 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பில் போடும் இடத்தில் சொல்லிவிடுகிறது. அக்கவுன்ட்டை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் ஒப்பந்தத்தில் இடமில்லை.

என் அப்பா வைத்துவிட்டுப்போன பைண்டு புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. செல்லரித்தாலும் என்னுடையவை.