இருந்து சாப்பிட ஒரு மேசை

வேலையை விட்டு நின்ற கிழமை கமலாக்கா எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எனக்குப் பார்ட்டி, கேக் ஒண்டும் வேண்டாம். ஒரு பப்பில, மேசையில இருந்து, மத்தியானச் சாப்பாடு சாப்பிட வேணும். நீங்கள் மூண்டு பேரும் வாங்கோ."

கிழக்கு லண்டனில் ஒரு பப்பில் 14 வருடங்கள் துப்புரவு வேலை செய்தவர் அவர். காலை 6 மணிக்குப் பின்கதவால் உள்ளே போவார். கதிரைகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து, காலில் ஒட்டும் தரையைக் கழுவி, கழிப்பறைகளைத் தேய்த்து, முதல்நாள் இரவு பியர் சிந்தி ஊறிய கம்பளத்தைச் சுத்தம் செய்துவிட்டு, 9 மணிக்கு அதே பின்கதவால் வெளியே வருவார். பப் திறக்கும் நேரத்தில் அவர் அடுத்த வேலையில் நிற்பார். மனிதர்கள் இருக்கும்போது அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் கண்டதில்லை.

நான் 1989இல் இந்த நாட்டுக்கு வந்தேன். தெருவுக்குத் தெரு பப் இருக்கிறது. கதவு திறந்து மூடும்போது உள்ளிருந்து வரும் சத்தமும் மணமும் எனக்குப் பழக்கம். என் கணவர் வேலையிடத்து நண்பர்களோடு போயிருக்கிறார். என்னை யாரும் போகவேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. ஊரில் கள்ளு விற்கும் இடத்தைத் தவறணை என்போம். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து சேர்ந்த சொல் அது. ஆங்கிலத்து 'டாவர்ன்' அதற்கு ஒருவகையில் தங்கச்சி. தவறணை வரும் முன்பே ஒழுங்கையின் மற்றக் கரைக்கு மாறி, தலையைக் குனிந்து, கெதியாக நடக்க வேண்டும் என்பதை ஏழு எட்டு வயதிலேயே கால்கள் படித்துவிடும். அந்தக் கால்களோடுதான் நான் லண்டனிலும் நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவுசெய்தோம். எங்கள் வீடுகளில் ஞாயிறு என்றால் ஆட்டிறைச்சிக் கறி. ஆகவே நால்வரும் விடிய எழும்பி, வீட்டில் இருப்பவர்களுக்குச் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். ஒரு நேரச் சாப்பாட்டை வெளியே சாப்பிடுவதற்கு, வீட்டில் இரண்டு நேரச் சாப்பாட்டைச் செய்துவைக்க வேண்டியிருந்தது. ரஞ்சி தன் கணவரிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். 58 வயதில் பொய் சொல்லிவிட்டு வந்த வெட்கம் அவளுடைய முகத்தில் இருந்தது. சாந்தி வேறு ஒன்று சொன்னாள்: "நான் வாறன். ஆனா அந்த மணம் தாங்கேலாமப் போனா எழும்பிப் போயிடுவன். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கக்கூடாது." நாங்கள் கேட்கவில்லை. அவளுடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில், இரவில் கதவு திறக்கும்போது முதலில் வீட்டுக்குள் வருவது அந்த மணம்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஈஸ்ட் ஹாமில் ரெயின் ஏறி, வெஸ்ட் ஹாமில் மாறி, லண்டன் பிரிட்ஜில் இறங்கினோம். சதக்கில் இருக்கும் ஜோர்ஜ் இன்னை நான்தான் தெரிவு செய்திருந்தேன். குதிரை வண்டிகள் வந்து நின்ற காலத்துச் சத்திரம் அது. 1676இல் வந்த தீயில் எரிந்து, அடுத்த வருடம் திரும்பக் கட்டப்பட்டது. முற்றத்தைப் பார்த்தபடி மரத்தாலான மாடத் தாழ்வாரங்கள். முன்பு முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடத்தில் இப்போது ஒரு பக்கம் மட்டுமே மிச்சம். மற்றதை ரெயில்வே கொம்பனி இடித்துவிட்டது. இப்போது அது நேஷனல் டிரஸ்டின் சொத்து. பக்கத்து முற்றத்தில்தான் ஒரு காலத்தில் டபார்ட் என்ற சத்திரம் இருந்தது. சோசரின் கதையில் யாத்திரிகர்கள் கூடிப் புறப்படும் இடம் அது. அந்தக் கூட்டத்தில் ஐந்து கலியாணம் முடித்த பாத் நகரத்துப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள் என்று சொன்னேன்.

"அவ கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவவோ?" என்றாள் ரஞ்சி. "ஓமடி, உண்மையாவே கோயிலுக்குத்தான் போனவ" என்றேன். அதற்குப் பிறகுதான் ரஞ்சி சிரித்தாள்.

உள்ளே பதிந்த கூரை, சரிந்த தரை, கறுத்த மரம். யன்னலோரம் ஒரு மேசையில் இருந்தோம். கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். 10 நிமிடம், 20 நிமிடம். எங்களுக்குப் பின் வந்தவர்களின் மேசையில் கிளாசுகள் வந்துவிட்டன. "எங்களைக் கண்டும் காணாத மாதிரி இருக்கினம்" என்று ரஞ்சி மெல்லச் சொன்னாள். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்த பிறகு அந்தச் சந்தேகம் வருவதற்கு அதிக நேரம் தேவையில்லை.

கமலாக்காதான் எழும்பினார். "இல்லையடி. இஞ்ச ஆரும் வந்து கேக்கமாட்டினம். நாங்கள்தான் பாருக்குப் போய்ச் சொல்லி, காசு குடுக்க வேணும். மேசையில இலக்கம் இருக்கும், பார்." 14 வருடம் ஒவ்வொரு காலையும் மேசை இலக்கங்களைத் துடைத்தவருக்குத் தெரிந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் அவரோடு போனேன். பாரில் வரிசை இல்லை. ஆனால் யார் முதல், யார் பிறகு என்று பரிமாறுகிறவருக்கும் நிற்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் முறை வந்தபோது, பக்கத்தில் நின்ற மனிதர் தலையசைத்து எங்களைக் காட்டினார்.

அந்தப் பலகையில் முழங்கையை ஊன்றி நின்றபோது எனக்கு எல் வீனோ வழக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் குடிக்கப் போன பிளீட் தெருக் கடை அது. அங்கே ஆண்கள் பாரில் நின்று குடிக்கலாம். பெண்கள் பின்னறைக்குப் போய் மேசையில் இருக்க வேண்டும். அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பெண்களை இருத்திவைத்துப் பரிமாறுகிறோம், இதில் என்ன குறை என்று கடைக்காரர் கேட்டனர். கீழ் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் அனா கூட் என்ற பத்திரிகையாளரும் விடவில்லை. பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1975இலேயே வந்துவிட்டது. ஆனால் பாரில் நின்று வாங்கும் உரிமையை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுத்தது 1982இல்தான். நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு ஏழு வருடம் முன்பு. பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். அந்தப் பொதுமக்களுக்குள் பெண் அடங்குவாளா என்பதைத் தீர்க்க அவ்வளவு காலம் எடுத்தது.

இத்தனைக்கும் இந்த நாட்டின் பழைய ஊர்களில் பியருக்கு முன்னோடியான ஏலைக் காய்ச்சியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சி, மிச்சத்தை அயலுக்கு விற்றார்கள். அது பெரிய தொழிலாகி, முதலும் சங்கமும் தேவைப்பட்டபோது ஆண்களின் கைக்குப் போய்விட்டது. காய்ச்சவும் ஊற்றவும் கழுவவும் பெண்கள் எப்போதும் உள்ளே இருந்தார்கள். வாடிக்கையாளராக வந்தபோதுதான் பிரச்சினை.

கமலாக்கா தனக்கு ஒரு பைன்ட் பியர் சொன்னார். "அக்கா, அரைப் பைன்டும் தருவினம்" என்றேன். "14 வருசம் நிலத்தில இருந்து துடைச்சனான். ஒருக்கா கிளாசில பாப்பம்." 568 மில்லி லீற்றர், விளிம்பு வரை. மேசைக்கு வந்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு மிடறு குடித்தார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"சீ, குடிநீர் மாதிரிக் கசக்குது. இதுக்கே இந்தப் பாடு?" என்றார். பிறகு இன்னொரு மிடறு குடித்தார்.

சாப்பாடு வந்தது. பொரித்த மீனும் சிப்ஸும் எனக்கும் சாந்திக்கும். கமலாக்காவுக்கும் ரஞ்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்: கோழி, வாட்டிய உருளைக்கிழங்கு, கரட், கோவா, கிண்ணம்போல் உப்பிய யோர்க்‌ஷையர் புடிங், மேலே கிரேவி. ரஞ்சி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் எடுத்தாள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. சாந்தி எழும்பிப் போகவில்லை. ஒருதரம் மட்டும் கமலாக்காவின் கிளாசை மூக்கருகே கொண்டுபோய் மணந்து, திரும்ப வைத்தாள். "மணம் அதேதான்" என்றாள். "ஆனா இது இந்த மேசையிலயே நிக்குது, பின்னால வரேல்ல." பப்புக்குப் போவதுதான் விடுதலை என்று நான் எழுதமாட்டேன். அந்த வாசலிலிருந்து வீட்டுக்கு வந்தவற்றைச் சாந்தி அறிவாள்.

"இருந்து சாப்பிட எவ்வளவு சுகமா இருக்கு" என்று கமலாக்கா சொன்ன நேரத்தில்தான், நான் நினைக்க விரும்பாத ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

ஊரில் எங்கள் வீட்டுக்குக் காலையில் கருப்பணி கொண்டுவரும் பெண். மரம் ஏறுகிறவரின் மனைவி. அவள் முன்படலையால் வந்ததில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து கோடிப் பக்கத்தில் நிற்பாள். அம்மா பாத்திரத்தை நிலத்தில் வைப்பார். அவள் படாமல் ஊற்றுவாள். அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேலிக்கம்பில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். அதில் உயர நின்று ஊற்றிய கை பல நாட்களில் என்னுடையது. எனக்கு எட்டு வயது. அவள் என் அம்மம்மாவின் வயது இருப்பாள். நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், "நீ" என்றுதான் பேசினேன். அவள் என்னைப் "பிள்ளை" என்றாள். அத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் "இருங்கோ" என்று சொன்னதில்லை.

எல் வீனோவில் பெண்களை இரு என்றார்கள். அவர்கள் நிற்க விரும்பினார்கள். கமலாக்கா 14 வருடம் நின்றார். அவருக்கு இருக்க விருப்பம். அந்தக் கருப்பணிக்காரியிடம் எது விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. பின்கதவைப் பற்றி நான் இவ்வளவு கோபத்தோடு பேசுகிறேன். நான் பிறந்த வீட்டிலும் ஒரு பின்கதவு இருந்தது. அதன் உள்பக்கத்தில் நான் நின்றேன். இதை அன்று அந்த மேசையில் நான் சொல்லவில்லை. கமலாக்காவின் நாளைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். கமலாக்கா எந்த ஊர், எந்தப் பகுதி என்று இந்த நட்பின் தொடக்கத்தில் என் மனம் கணக்குப் பார்த்தது நினைவிருந்ததால்தான் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் கமலாக்காவின் கை தானாகத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியது. மேசை எடுக்க வந்த இளம்பெண், விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தாள். கமலாக்கா அவளிடம், காலையில் இங்கே துப்புரவு செய்வது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. "நாங்கள் வரும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும்" என்றாள்.

அவள் போனபிறகு கமலாக்கா மேசைக்கு அடியில் கையை விட்டு, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைவரை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"ஒரு சுவிங்கம் கூட இல்லை" என்றார். "ஆரோ நல்ல வேலைகாரி."

பிறகு கிளாசில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். ரஞ்சியின் தொலைபேசி அடித்தது. கறியைச் சூடாக்க எந்தச் சட்டி என்று வீட்டிலிருந்து கேட்டார்கள். எங்கே நிற்கிறாய் என்று கேட்டபோது, அவள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "பப்பில" என்றாள்.