இரண்டாவது ஞாயிறு எங்கே போகிறேன் என்று கேட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாடு முடிந்து சாவகாசமாகப் படியுங்கள்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தால் காலை ஒன்பதரைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்மேல் ஒரு புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. "சீட்டு கீட்டு சேர்ந்துட்டீங்களா அண்ணி, இல்ல செயின் மார்க்கெட்டிங்கா?" என்று தஞ்சாவூர் நாத்தனார் போன் போட்டே கேட்டுவிட்டாள். சீட்டும் இல்லை, மார்க்கெட்டிங்கும் இல்லை. ஆள் சேர்க்கிறேன் என்பது மட்டும் உண்மை.

நான் போவது லினக்ஸ் பயனர் கூட்டத்துக்கு. கட்டற்ற மென்பொருள் என்பார்கள், ஓப்பன் சோர்ஸ் என்றும் சொல்வார்கள். என்னிடம் கணக்கு படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விடையை மட்டும் எழுதிக் கட்டம் போட்டுக் காட்டினால் நான் மார்க் போட்டதில்லை. படிப்படியாக எழுது என்பேன். படி தெரிந்தால்தான் பக்கத்து பெஞ்சுக்காரி சரிபார்க்க முடியும், "மூணாவது வரியில மைனஸ் போச்சுடி" என்று சொல்ல முடியும். நாம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் பலவும் விடை மட்டும் எழுதின தாள். கட்டற்ற மென்பொருளில் படிகளும் கூடவே வரும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பெரும்பாலும் காசில்லாமலும் கிடைக்கும். ஆனால் விஷயம் காசு இல்லை.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அதுதான். 2011இல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது வாங்கின பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், திறந்தவுடன் விண்டோஸா பாஸா என்று கேட்கும். அந்த பாஸ் என்பது சி-டாக் தயாரித்த ஒரு லினக்ஸ். நம் பள்ளியில் வாங்கினவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திறந்தால் என்ன செய்வது என்று சொல்ல யாரும் இல்லை. கருவி வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. கூட்டம் எதற்கு என்றால் அதற்குத்தான்.

சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடுவது அவர்கள் வழக்கம். பல வருடம் ஐஐடி வளாகத்தில் கூடியிருக்கிறார்கள். பைத்தான் என்ற நிரல் மொழிக்காரர்களுக்கு நான்காவது சனிக்கிழமை. காஞ்சிபுரம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஊருக்கு ஊர் ஆட்கள் உண்டு. விழுப்புரத்துக் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் வகுப்பே எடுக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கூட்டத்தை ஆரம்பித்தவள் என் மாணவி. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வாள், இதைப் படிக்கும் அவள் செட்டுக்காரர்களுக்கு யாரென்று தெரியும். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுவாள். முதல் கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தோம். அவள், அவள் தம்பி, ஜெராக்ஸ் கடைப் பையன், நான். அடுத்த மாதமும் நான்கு பேர்தான். "தேதியை மாத்திப் பார்க்கலாமாடி? அன்னிக்கு முகூர்த்தம் வேற" என்றேன். "வேணாம் டீச்சர். தேதியை மாத்தினா கூட்டம் செத்துடும்" என்றாள். அதே ஞாயிறு, அதே பத்து மணி, அதே இடம். ஆறாவது மாதம் பத்தொன்பது பேர். வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது, பழக்கதோஷம்.

இடம் என்றால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் அதன் ஐயா சாவியைக் கொடுத்துவிடுவார். உறை போட்ட டைப்ரைட்டர்களை ஓரம் தள்ளிவிட்டு லேப்டாப்பை வைப்போம். முதலில் வட்டமாக உட்கார்ந்து பெயர் சொல்லுவது. பிறகு ஒருவர் அரை மணி பேசுவார், அப்புறம் கேள்வி, அப்புறம் டீ. டீயும் சுண்டலும் என் பொறுப்பு. இன்னொரு பொறுப்பும் எனக்கு உண்டு. யாராவது இங்கிலீஷில் ஓடினால் "தமிழ்ல சொல்லுப்பா" என்று நிறுத்துவது. வருகிறவர்களில் முக்கால்வாசி தமிழ் மீடியம். புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டும் முகம் 34 வருடம் பார்த்த முகம், எனக்கு அது தப்பாது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் அவர்கள் வெளியிட்ட எளிய தமிழ்ப் புத்தகங்களும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. இலவசமாகவே கிடைக்கின்றன, இறக்கிப் படியுங்கள்.

நடுவில் ஒரு தனியார் கல்லூரி ஏசி ஹால் தருகிறோம் என்று அழைத்தது. போனோம். பேனரில் தாளாளர் படம் வேண்டும், வருகிறவர்களிடம் தலைக்கு 200 ரூபாய் வாங்க வேண்டும், அதில் பாதி கல்லூரிக்கு. என் மாணவி டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அங்கே காட்டாத கோபத்தையெல்லாம் ஆட்டோவில் என்னிடம் காட்டினாள்.

இனி மாநாட்டுக் கதை. டெபியன் என்று ஒரு லினக்ஸ் உண்டு. 1993இல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. தன் பெயரையும் அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்தார், டெப் இயன். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்தல், வேட்பாளர்களை ஒன்று இரண்டு என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார்கள். யாரும் வேண்டாம் என்பதும் அந்த வரிசையில் ஒன்று. கணக்கு டீச்சரான எனக்கு இது மிகவும் பிடித்தது, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இவர்களுடைய உலக மாநாடு வருடத்துக்கு ஒரு நாட்டில் நடக்கும். 2022இல் கொசோவோவில், 2023 செப்டம்பரில் நம் பக்கத்துக் கொச்சியில். அதற்கு முன் 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்திலேயே ஒரு சின்ன மாநாடு. நம்மூரிலிருந்து 40 கிலோமீட்டர் கூட இருக்காது.

நோட்டீஸ் எடுத்துக்கொண்டு நானும் அவளும் மூன்று கல்லூரிகளுக்குப் போனோம். லினக்ஸ் என்றால் என்ன என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. முதல் கேள்வி, "ஓ.டி. கிடைக்குமா மேடம்?" இரண்டாவது கேள்வி, "சர்டிபிகேட் தருவாங்களா?" பெற்றோர் கேட்டது ஒன்றே ஒன்று, "எத்தனை மணிக்கு விடுவாங்க?"

சர்டிபிகேட் விஷயத்தில் எனக்கும் என் மாணவிக்கும் இன்றுவரை சண்டை. காகிதத்துக்காக வருகிறவன் வராமலே இருக்கட்டும் என்பாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பையன்களுக்கு வேண்டுமானால் அது காகிதம். ஒரு பெண்பிள்ளைக்கு அடுத்த மாதம் வீட்டை விட்டு வெளியே வர அதுதான் அனுமதிச் சீட்டு. "இங்க பாரு, நான் போன இடம்" என்று அப்பா முன்னால் வைக்க ஏதாவது வேண்டாமா? கடைசியில் எங்கள் மாதக் கூட்டத்துக்கு வருகைச் சான்று ஒன்று கொடுக்க ஆரம்பித்தோம். கையெழுத்து நான்தான், ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை என்று. பச்சை மைக்கு எனக்கு உரிமை இல்லை, நீல மைதான். அதற்கே வீட்டில் மதிப்பு இருக்கிறது என்கிறார்கள் பிள்ளைகள்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் அப்போது பி.எஸ்சி. இரண்டாம் வருடம். அப்பா திருவண்ணாமலை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அம்மா என்னிடம் படித்தவள். விழுப்புரத்துக்கு விடமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட, நான் கடைக்கே போனேன்.

"ரெண்டு நாள் எதுக்கு டீச்சரம்மா? வேலை போட்டுக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க தம்பி."

"அப்புறம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. வேலை கிடைக்கும் என்று பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அனுப்பியிருப்பார். "நீங்க இந்த வேலையை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். திண்டிவனத்தில் ஒரு கடையில் நின்று பார்த்துக் கற்றாராம். "அவளும் நின்னு பார்க்கத்தான் கேக்கறா. அந்த வேலை செய்யறவங்க எல்லாம் ஒரே இடத்துக்கு வர்றாங்க" என்றேன். டயரைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே, "எங்க முதலாளி எனக்குச் சோறு போட்டாரு" என்றார். "இங்கயும் மதியம் சோறு உண்டு" என்றேன். சிரித்துவிட்டார். ஆனாலும் ஒரு நாளைக்குத்தான் அனுமதி. நான் கூடவே போக வேண்டும், ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். மறுநாள் அவர்கள் வீட்டில் காதுகுத்து.

அந்த ஒரு நாளில் அவள் பதினோரு பக்கம் எழுதினாள். எண்ணிப் பார்த்தேன். டீ நேரத்தில் யாரோ ஒருவர் அவளிடம், மென்பொருள்களைத் தமிழாக்க ஆள் போதவில்லை, யார் வேண்டுமானாலும் சொல் அனுப்பலாம், பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

இரண்டு மாதம் கழித்து எங்கள் மாடியில் அவள் பேசினாள். பன்னிரண்டு நிமிடம்தான். லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் தமிழ்ச் சொற்கள் பற்றி. அவள் அம்மாவும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள். 'அன்டூ' என்பதற்குச் 'செயல்தவிர்' என்று போடுகிறார்கள் என்று மகள் சொன்னதும் அம்மா, "செயல்தவிர்னா? வேலைக்குப் போகாதேங்கிறதா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! மாடியே சிரித்தது. அதற்கப்புறம் நாற்பது நிமிடம் அந்த ஒரு சொல்லை வைத்தே விவாதம். 'பழையபடி' என்றது ஒரு கட்சி. 'முன்போலாக்கு' என்றது இன்னொரு கட்சி. பட்டனில் இடம் பத்தாது, சின்னதாக வேண்டும் என்றான் ஜெராக்ஸ் கடைப் பையன். செயல்தவிரே இருக்கட்டும், பத்து முறை பார்த்தால் பழகிவிடும் என்றாள் என் மாணவி. முடிவு வரவில்லை, சுண்டல்தான் தீர்ந்தது. இத்தனை வருட வகுப்பறையில் ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் இப்படி அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நடத்துகிறவர்களிடம் 'சரி இல்லை' என்று சொல்லலாம், வேறு சொல் கொடுக்கலாம் என்ற உரிமை இருந்ததால் வந்த சண்டை அது.

அந்த வருடம் கொச்சி மாநாட்டுக்கு அவள் போக ஆசைப்பட்டாள். பதிவுக் கட்டணம் இல்லாமலே கலந்துகொள்ளலாம், விண்ணப்பித்துத் தேர்வானால் பயணத்துக்கும் தங்கவும் உதவியும் உண்டு. செப்டம்பர் 10 முதல் 17 வரை எட்டு நாள். வீட்டில் விடவில்லை. இந்தமுறை நான் போய்ப் பேசியும் நடக்கவில்லை. "விழுப்புரம்னா விழுப்புரம். கேரளா எல்லாம் வேணாம் டீச்சரம்மா" என்று முடித்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அவருடைய பயமும் பொய் இல்லை.

இப்போது அவள் ஊரில் இ-சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். என் மாணவி வர முடியாத மாதங்களில் கூட்டத்தை நடத்துவது அவள்தான். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். எந்த ஊரில் அமைந்தாலும் அங்கே ஒரு குழு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறாள், அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. டைப்ரைட்டிங் ஐயா ஆடியில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் கட்டடத்தை விற்கப் பேசுகிறார்கள். மார்கழி வரைக்கும் சாவி எங்களிடம், தையிலிருந்து இடம் இல்லை. இடம் மாறுவதில்கூடப் பயம் இல்லை, ஒரு மாதம் விட்டுப்போவதுதான் பயம். நமக்குத் தேவை முப்பது பேர் உட்காரும் அறை, மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. மின்விசிறியும் நான்கு பிளக் பாயின்ட்டும் இருந்தால் போதும். பெண்பிள்ளைகள் வருவதால் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், கழிப்பறை கட்டாயம். படம் வைக்கக் கேட்காதவர்கள் யாராக இருந்தாலும் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நம்மூரில் கடையும் மாடியும் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறோம் என்பீர்கள். பணம் வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப்பை அடுத்தமுறை வரும்போது கொண்டுவாருங்கள். நாலு ஜிபி ராம் இருந்தால் போதும், லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சென்னையில் இருப்பவர்கள் மாதம் ஒருவராக வந்து அரை மணி பேசுங்கள், தமிழில்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர நாள். அன்று மாடியில் முழுநாள் முகாம். கணினியைக் கொண்டுவந்தால் லினக்ஸ் நிறுவித் தருவார்கள். போட்டோக்களையும் முக்கியமான கோப்புகளையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு வாருங்கள், சார்ஜரையும் மறக்காதீர்கள். பெண்பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் கவனத்துக்கு: நாலரைக்கு முடித்துவிடுவோம், ஐந்து மணி பஸ்ஸில் நானே ஏற்றிவிடுவேன்.