மாரி முடியட்டும், கப்பல் ஏறுவோம்



கொஞ்சம் நீண்ட பதிவு. மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்திருக்கும் ஒரு பின்னேரத்தில் எழுதுகிறோம். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பால்மா டின் இருக்கிறது. மூடியில் துளை போட்டு, "கப்பல் சல்லி, யாரும் தொடக்கூடாது" என்று மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். 2023 ஜூனில் 'எம்பிரஸ்' என்ற பெரிய உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோனது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் படங்களை ஃபோனில் பார்த்த நாளிலிருந்து பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கப்பல் பைத்தியம். ஆசிரியர் சம்பளத்தில் அந்தக் கப்பலைப் படத்தில் பார்ப்பதே பெரிய காரியம் என்று சொல்லிச் சமாளித்து வந்தோம்.

பிறகுதான் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை வந்தது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, ஒரு வாரத்துக்குள் மாரியைக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். நீச்சல் தடாகமும் இல்லை, மாடி மாடியாக அறைகளும் இல்லை. ஆனாலும் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, கரை மறையும் வரை கடலில் போய், இன்னொரு நாட்டுக் கரையில் இறங்கலாம். எங்களுக்கு இதுதான் குரூஸ் என்று முடிவெடுத்தோம். டிசெம்பர் லீவில் போவது என்று நாளும் பார்த்தோம்.

நாகப்பட்டினம் என்றதும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அங்கிருந்து நாகூர் மிக அருகில். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கடலில் போகிறவர்களுக்குக் காவல் என்று நம்பி, ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரைச் சொல்லித் தோணி தள்ளிய தலைமுறை எங்கள் மூத்தம்மாவுடையது. ஸியாரம் பற்றிய விவாதத்தை இந்தப் பதிவின் கீழே தயவுசெய்து தொடங்க வேண்டாம். எங்கள் வீட்டுக்குள்ளேயே அதில் இரண்டு கருத்து உண்டு. ஆனால் மூத்தம்மா எழுபதுகளில் மட்டக்களப்பில் ரயிலேறி, இடையில் மாறி, தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறி, இராமேஸ்வரம் வழியாக நாகூருக்குப் போய்வந்த கதையில் எங்களுக்கு ஒரே கருத்துத்தான். அந்தக் கதையைக் கேட்டே நாங்கள் சோறு தின்றோம். கப்பலின் விளிம்பில் நின்று வெற்றிலை துப்பி, காற்றில் அது தன் புதுச் சேலையிலேயே வந்து விழுந்ததைச் சொல்லும்போது மூத்தம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பா. மகளையும் ஒருநாள் கூட்டிப் போக வேண்டும் என்று வைத்திருந்தா. யுத்தம் வந்தது, கப்பலும் நின்றது, மூத்தம்மாவும் மௌத்தானா.

அந்த மகள்தான் எங்கள் உம்மா. அவவிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"நீங்க போறண்டா போங்க எண்டு என்ட வாயால சொல்ல மாட்டன்" என்றா. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை.

சுனாமிக்குப் பிறகு உம்மா கடற்கரைக்குப் போனதில்லை. அன்று நாங்கள் சாச்சியையும் சாச்சியின் மகளையும் இழந்தோம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வளவை விட்டு உள்ளே வந்து குடியேறினோம். கடற்காற்று வீசினால் உம்மா யன்னலைச் சாத்துவா. இருபது வருடமாக இதைக் கடல் பயம் என்றே நினைத்து வந்தோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நவம்பரில், மாரி தொடங்கியதோடு கப்பல் சேவையும் நின்றுபோனது. பிள்ளைகள் அழுதார்கள். நாங்களும் பேசாமல் இருக்கவில்லை. "மழைக்குப் பயந்த கப்பல்" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்தோம். லீவுக்கு விண்ணப்பித்துவிட்ட கோபம் வேறு.

சரியாகச் சில வாரங்கள். நவம்பர் 25ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. அடுத்த நாள் எங்கள் பக்கத்தில் வானம் கிழிந்தது. ஒழுங்கைகளில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. பரீட்சையையே இடைநிறுத்தினார்கள். அன்று மாலை மாவடிப்பள்ளியில் நடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மத்ரஸாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். உழவு இயந்திரத்தில் ஏறி, தினமும் பார்க்கிற வீதியில், வெள்ளம் கடந்து உம்மாமாரிடம் போய்ச் சேர நினைத்தார்கள். தண்ணீர் கொண்டுபோனது. அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக. அவர்களோடு போனவர்களுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 26ஆம் திகதி அது இன்னும் புயலாகவில்லை. ஆழ்ந்த தாழமுக்கம்தான். ஃபெங்கல் என்ற பெயர் கிடைத்தது 29ஆம் திகதி. 30ஆம் திகதி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. பெயர் வைக்காத நிலையிலேயே எங்கள் பிள்ளைகளைப் பறித்துவிட்டுப் போயிருந்தது. "புயல்தானே வரல்ல, மழைதானே" என்று நாங்கள் எல்லோரும் எத்தனை தடவை சொல்லியிருப்போம்? 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவின் சூறாவளியைப் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாரியையும் அந்த இரவோடு ஒப்பிட்டு, "அந்தளவு இல்ல" என்று வெளியே இறங்குவது எங்கள் பழக்கம்.

பாடசாலை திறந்ததும் எங்கள் வகுப்பில் கேட்டோம்: "நீந்தத் தெரிஞ்சவங்க கை உயர்த்துங்க." 34 பிள்ளைகளில் மூன்று கைகள். மூன்றும் கடற்தொழில் செய்கிற வீட்டுப் பையன்கள். பெண்பிள்ளைகளில் ஒரு கையும் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் ஆறும் குளமும். நடுவில் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்து வைத்திருக்கிறோம்.

அன்று பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வரைபடத்தை விரித்தோம். வங்காள விரிகுடாவிலிருந்து வாடைக் காற்று எப்படி எந்தத் தடையும் இல்லாமல் நேராக எங்கள் கரைக்கு வருகிறது என்று காட்டினோம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல், அதனால் காற்று பிடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்று சொன்னோம். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு, தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து அழித்த புயலைப் பற்றிச் சொன்னோம். தலைமன்னாருக்கு வந்த கப்பல்கள் அதுவரை அந்தத் தனுஷ்கோடியிலிருந்துதான் புறப்பட்டன. "அப்ப நம்மட கப்பல நிப்பாட்டினது சரியா?" என்று மகளின் கூட்டாளி ஒருத்தி கேட்டாள். எங்கள் வீட்டுக் கப்பல் கதை வகுப்பு முழுக்கத் தெரிந்திருந்தது. "சரி" என்று சொல்லும்போது வெட்கமாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சிரித்தது பிள்ளைகளுக்குத் தெரியாது.

டிசெம்பர் 26 வந்தது. இருபது வருடம். வழமைபோல வீட்டில் யாஸீன் ஓதி, அயலுக்குச் சோறு கொடுத்தோம். எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற இடத்தில் உம்மா சொன்னா:

"மொதல் அலை வந்து வத்தினதும் ஒங்கட சாச்சி என்னோடதான் நிண்டா. புள்ளைக்கிப் பால்மாவும் உடுப்பும் ஊட்டுக்குள்ள எண்டா. தண்ணி வத்திட்டுத்தானே, ஓடிப் போய் எடுத்துட்டு வா எண்டு நான்தான் சொன்னன். புள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போனா."

பைப் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களில் யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

அன்றுதான் பலதும் புரிந்தது. வாசலில் நின்று யாரையும் "போய்ட்டு வா" என்று உம்மா வழியனுப்புவதில்லை. "ஃபீ அமானில்லாஹ்" மட்டும்தான். கடைக்கு அனுப்பினாலும் "பொறு, கொஞ்சம் பொறு" என்று இரண்டு தடவை நிறுத்தித்தான் அனுப்புவா. நாங்கள் அதைக் கேலி செய்திருக்கிறோம். உம்மா பயந்தது கடலுக்கில்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு "போ"வுக்கு.

முதல் அலைக்குப் பின்னால் இன்னொன்று, அதைவிடப் பெரிதாக வரும் என்று அன்று உம்மாவுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார்? ஊரில் ஒருவருக்குக்கூடத் தெரியாத ஒன்றுக்காக ஒரு பெண் இருபது வருடம் தன்னைக் குற்றவாளியாக வைத்திருந்திருக்கிறா. அதை அன்று சொன்னோம். கேட்டாவா தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு தொழப் போய்விட்டா.

ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள் ஒழுங்கை முனையில் இருக்கும் மீன்பிடிக் காக்காவை உம்மா மறித்து நிறுத்தினா. நாங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வடக்குப் பக்கத்துக் கடல் எப்ப அடங்கும் தம்பி?"

"வாடை விடணும் ராத்தா. மாசி பின்கூறில காத்துக் கொறையும். பங்குனி, சித்திரையில எண்ணெய் ஊத்தின மாதிரிக் கெடக்கும். அப்பயும் காலத்தால காத்தப் பாத்துட்டுத்தான் எறங்கணும்."

"காத்துச் சரியில்லண்டா?"

"போகொண்ணா. அண்டக்கிச் சல்லி இல்ல, அவ்வளவுதான். அடுத்த நாளைக்கிப் போறது."

உம்மா தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்தா. அன்று இஷாவுக்குப் பிறகு, பால்மா டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தா. தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை மடித்து உள்ளே போட்டா. பிறகு சொன்னா: "நோன்பு முடியட்டும். பெருநாள் முடியட்டும். அந்தக் காக்கா சொன்ன மாதிரிக் காத்தப் பாப்பம். மறுகா போவம்."

போங்க என்று சொல்லவில்லை. போவம் என்று சொன்னா.

2025 ஜனவரியில் சேவை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. மாரி முடிந்ததும் தொடங்கும் என்றார்கள். தொடங்கினால், ஏப்ரல் புதுவருட லீவில் போவதாக நிய்யத். நாள் தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும். இனி ஒரு கப்பலை நிறுத்தியதற்காக யாரையும் ஏச மாட்டோம். காத்திருப்பதும் பயணத்தில் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. நாட்காட்டியில் தை, மாசி, பங்குனி என்று எழுதி ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் உம்மாவைக் கடவுச்சீட்டுப் படம் எடுக்கக் கூட்டிப் போனோம். அறுபது வயதில் முதல் கடவுச்சீட்டு. ஸ்டூடியோ தம்பி, "சிரிக்கப்படாது உம்மா, நேராப் பாருங்க" என்றார். மூத்தம்மாவின் வெற்றிலைக் கதை நினைவுக்கு வந்ததோ என்னவோ, உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, இந்தப் பதிவை எழுதியதற்கான காரணம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஏதாவது செய்ய முடியுமா? பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனி இடம், பெண் பயிற்றுநர் என்று யோசிக்கலாம். நீந்தத் தெரிந்த மீனவக் காக்காமார், பள்ளிவாசல் நிருவாகம், விளையாட்டுக் கழகங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊரார் சேர்ந்தால் முடியாத காரியமில்லை. வெள்ளம் மூடிய வீதியில் இறங்கக்கூடாது, முதல் அலை போனதும் திரும்பக்கூடாது, தாழமுக்கம் என்றாலே புயல்போல எண்ணி நடக்க வேண்டும். இந்த மூன்றையும் ஜும்ஆவிலும் வகுப்பிலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் சொன்னால் போதும். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். மாரி முடிவதற்குள் பேசித் தொடங்குவோம்.

எங்கள் பயணத்துக்கு துஆச் செய்யுங்கள். சாச்சிக்கும் அவ மகளுக்கும் மாவடிப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு ஃபாத்திஹா ஓதிவிடுங்கள்.