மழையா, கடவுளா? - ஒரு சுவீடிஷ் சொல்லும் நானும்

வகுப்பில் கூடப் படிக்கிற ஒருத்தன் போன கிழமை கேட்டான். "நீ செவ்வாய்க்கிழமை தோறும் சேர்ச்சுக்குப் போய் வெளிநாட்டு ஆக்களோட சுவீடிஷ் கதைக்கிறது மதம் மாத்தத்தானே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். சுவீடனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எஸ்.எஃப்.ஐ. என்று நகரசபை தருகிற இலவச மொழி வகுப்பு இருக்கிறது. இலக்கணம் அங்கே கிடைக்கும். கதைத்துப் பழகத்தான் ஆள் கிடைக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூட வாய் திறக்காத நாடு இது :-) அந்தக் குறைக்கு மருந்துதான் 'ஸ்ப்ரோக்கஃபே', அதாவது மொழிக் கஃபே. நூலகங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் நடக்கும். 2015இல் மட்டும் ஏறத்தாழ 163,000 பேர் இங்கே தஞ்சம் கோரினார்கள். அந்த நாட்களில் பல தேவாலயங்கள் தங்கள் மண்டபங்களைத் திறந்துவிட்டன. ஒரு மேசை, ஒரு கூஜா கோப்பி, கறுவா பன், சுற்றி நாலைந்து பேர். அவ்வளவுதான்.

நான் சின்ன வயதில் அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். ஏழு என்பதற்கான சுவீடிஷ் சொல் அம்மாவுக்கு இன்னும் சரியாக வராது. விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி ஒரு சத்தம் அது. அவ பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்த வேலைக்குப் போனேன். இன்னொரு காரணமும் உண்டு, மறைக்கவில்லை. நான் விசுவாசி. இயேசுவைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது.

அந்த ஆசைதான் முதல் மாதமே என்னைக் கவிழ்த்தது. அப்போது எங்களுக்குச் சந்தைப்படுத்தல் பாடம் நடந்துகொண்டிருந்தது. முதலில் கவனத்தை ஈர், பிறகு ஆர்வம், பிறகு விருப்பம், கடைசியில் வாங்க வை. அதை அப்படியே மேசைக்குக் கொண்டு போனேன். ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த, என் வயதுப் பொடியன் ஒருவன். காலநிலையில் தொடங்கி, வீட்டைப் பற்றிக் கேட்டு, மெல்ல இயேசுவிடம் வந்து சேர்ந்தேன். நன்றாகப் போகிறது என்றே நினைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "நான் கிறிஸ்தவனானால் விசா கிடைக்குமா?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. அவனுடைய வழக்கு அப்போது முடியவில்லை. மதம் மாறியதாகச் சொல்பவர்களின் விசுவாசம் உண்மையானதா என்று இங்கே குடிவரவு அதிகாரிகள் கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள். நான் ஜெபம் என்று நினைத்துப் பேசியது அவன் காதில் உயிர் தப்புகிற வழியாக விழுந்திருக்கிறது. அவனுக்கு என் சுவீடிஷ் தேவை. பிடிக்காவிட்டாலும் எழும்பிப் போக முடியாது. அது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை. அடுத்த கிழமை அவன் வரவில்லை. பிறகு வரவேயில்லை.

அதன் பிறகு நான் மதம் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் சுவீடிஷ் மொழி விடவேண்டுமே! வார இறுதிக்கு அவர்கள் சொல்கிற சொல் 'பரிசுத்தம்' என்பதில் இருந்து பிறந்தது. பெரிய வெள்ளிக்குப் பெயர் 'நீண்ட வெள்ளி'. இயேசு விண்ணேறிய நாள் என்று ஒரு வியாழக்கிழமை அரசாங்க விடுமுறை. பஸ்ஸைத் தவறவிட்டால் கோயிலுக்கே போகாதவனும் 'ஹெரெகூட்' என்பான், ஆண்டவரே என்று அர்த்தம். இதெல்லாம் ஏன் என்று வந்தவர்கள் கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

ஒருநாள் சிரியாவில் இருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மூன்று வினைச்சொற்களை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். தமிழில் 'நினைக்கிறேன்' என்று ஒரே சொல்லில் முடிப்பதை சுவீடிஷில் மூன்றாகப் பிரிப்பார்கள். சூப் நல்லது என்று அபிப்பிராயம் சொன்னால் 'துக்கெர்'. மூளையைக் கசக்கி யோசித்தால் 'தெங்க்கெர்'. நாளைக்கு மழை வரும் என்று நிச்சயமில்லாமல் சொன்னால் 'த்ரூர்'.

அவ தன் கொப்பியைப் புரட்டிவிட்டுக் கேட்டா: "கடவுளை நம்புகிறேன் என்பதற்கும் 'த்ரூர்' என்றுதானே எழுதியிருக்கு. அப்ப கடவுளும் மழை மாதிரியா?"

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அந்த இடத்தில் 'போ' என்று ஒரு குட்டிச் சொல் சேரும், அது சேர்ந்தால் ஒருவர் மேல் சாய்வது மாதிரி என்றேன். "நீ எப்படி?" என்றா. பொய் சொல்ல மனம் வரவில்லை. "சில நாள் 'போ'வோட, சில நாள் அது இல்லாமல்" என்றேன். அப்பம்மா செத்த வருடம் ஜெபிக்கவே முடியாமல் கிடந்ததையும், பிறகு எப்படியோ திரும்பி வந்ததையும் சொன்னேன். அவ வீட்டை விட்டுக் கிளம்பிய இரவு தொழுததைச் சொன்னா. அவ முஸ்லிம், நான் கிறிஸ்தவன். இடையில் ஒரு பிழையைத் திருத்தினேன். போகும்போது தன் மகனுக்காக ஜெபிக்கச் சொன்னா. என் சோதனைக்குத் தான் துஆ செய்வதாகச் சொன்னா. அடுத்த கிழமையும் வந்தா.

ஆக, நண்பனுக்கு என் பதில் இதுதான். மதம் மாற்றப் போகவில்லை. ஆனால் ஒளிக்கவும் போகவில்லை. நானாகத் தொடங்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். பேதுருவின் முதல் கடிதத்திலும் கேட்பவனுக்குப் பணிவோடு பதில் சொல் என்றுதான் இருக்கிறது. 'கேட்பவனுக்கு' என்ற சொல்லை நான் முன்பு கவனிக்கவில்லை.

இன்னும் செவ்வாய்களில் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பொடியன் வந்தால் 'ஃபோர்லோட்' என்று சொல்ல வேண்டும். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். அதையாவது முதல் மாதமே சரியாகப் பழகியிருக்கலாம்.